படத்தைத் துலக்கும் எண்கள்

வீட்டிலுள்ள பழைய புகைப்படம் மங்கிவிட்டால், முன்னாளில் அதற்கு இரண்டே வழிகள் இருந்தன. படமெடுப்பவரிடம் கொண்டுசென்று, மெல்லிய தூரிகையால் தீட்டித் தரச் சொல்வது ஒன்று. மங்கியதை மங்கியதாகவே வைத்துப் போற்றுவது மற்றொன்று. இன்று மூன்றாவது வழியும் பிறந்திருக்கிறது. படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, படங்களைத் திருத்தும் மென்பொருளிலுள்ள 'வடிகட்டி' என்னும் கருவியால் துலக்கலாம். பிறர் ஆக்கி வைத்த வடிகட்டிகளையே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. நமக்கு வேண்டிய வடிகட்டியை நாமே சில எண்களைக் கொடுத்து ஆக்கிக்கொள்ளலாம். அது எவ்வாறு என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனோடு, இக்கருவியைக் கையாண்டபோது நான் செய்த பெரும்பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். அப்பிழைதான் இக்கருவியின் இயல்பை எனக்கு நன்கு உணர்த்தியது.

என் அன்னையாருக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1956ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில், காய்ச்சலால் இறந்துபோனார். அப்போது அன்னையாருக்கு வயது ஒன்பது. அந்த அண்ணனுடைய படம் ஒன்றேனும் எங்கள் வீட்டில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டியில் பள்ளிக்கூடப் படம் ஒன்று கிடைத்தது. ஆசிரியர் நடுவில் அமர்ந்திருக்கிறார். சிறுவர் மூன்று வரிசையாக நிற்கின்றனர். ஒவ்வொரு முகமும் புளியங்கொட்டை அளவே இருக்கிறது. பின்வரிசையில் நிற்கும் ஒரு சிறுவனைக் காட்டி, "இதுதான் உன் அண்ணன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்றார் அந்த உறவினர். ஆசிரியரின் காலடியில் ஒரு சிலேட்டுப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் ஐந்தாம் வகுப்பு என்றும், அதன் கீழே ஆண்டும் எழுதியிருந்தார்கள். ஆண்டின் முதல் மூன்று இலக்கங்கள் தெரிந்தன: 195. நான்காவது இலக்கம் தெரியவில்லை. அது 1956க்குப் பிந்திய ஆண்டாக இருந்தால் அச்சிறுவன் என் மாமாவாக இருக்க முடியாது. அந்த ஓர் இலக்கத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பை அன்னையார் என்னிடம் ஒப்படைத்தார்.

இனி, கருவியின் செய்திக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட இயலாது; ஆயினும் கவலையில்லை. கணிப்பொறியும் படத்தைப் படமாகப் பார்ப்பதில்லை; எண்களாகவே பார்க்கிறது. எண்களை நான் சொல்ல, நீங்கள் காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.

கணிப்பொறிக்குள் ஏறிய படம் பல இலட்சம் சிறு புள்ளிகளால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்பர். நாம் புள்ளி என்றே வழங்குவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. முழுக் கறுப்புக்கு 0. முழு வெள்ளைக்கு 255. இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிக்கு மூன்று எண்கள் இருக்கும். கணக்கு ஒன்றுதான், அதை மூன்று முறை செய்ய வேண்டும்.

இப்போது, வாசலில் கோலமிடுவார் மூன்று புள்ளி மூன்று வரிசை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி எட்டுப் புள்ளிகள். நடுப்புள்ளிக்குப் புதிய எண் ஒன்று தரவேண்டும். அதை அதன் பழைய எண்ணை மட்டும் பார்த்துத் தராமல், சுற்றியுள்ள எட்டு அயலாரையும் கலந்துகொண்டு தரவேண்டும். யாருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் குறிக்க, அதே போன்ற ஒன்பது கட்டங்களில் ஒன்பது எண்களை நாம் எழுதிக் கொடுக்கிறோம். கணிப்பொறி அந்த எண் கட்டத்தைப் படத்தின் மேல் பொருத்தி, மேலுள்ள எண்ணைக் கீழுள்ள எண்ணால் பெருக்கி, ஒன்பது பெருக்கற்பலன்களையும் கூட்டுகிறது. வரும் விடை நடுப்புள்ளியின் புதிய எண். பிறகு கட்டத்தை ஒரு புள்ளி நகர்த்தி, அடுத்த புள்ளிக்கும் அவ்வாறே செய்கிறது. இவ்வாறு படம் முழுவதும் நடைபெறும் இக்கணக்குக்குக் கன்வல்யூஷன் என்று பெயர். முப்பது இலட்சம் புள்ளிகள் உள்ள படத்துக்கு இரண்டு கோடியே எழுபது இலட்சம் பெருக்கல்கள் ஆகின்றன. மனிதர் செய்தால் வாழ்நாள் போதாது. கணிப்பொறி சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

கிம்ப் என்னும் மென்பொருளில் 'கன்வல்யூஷன் மேட்ரிக்ஸ்' என்ற பெயரிலும், போட்டோஷாப்பில் 'கஸ்டம்' என்ற பெயரிலும் இந்த வசதி இருக்கிறது. இரண்டிலும் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டங்கள் காணப்படும். நமக்கு ஒன்பது போதுமானால் நடுவிலுள்ள ஒன்பதை மட்டும் நிரப்பி, வெளிச்சுற்றில் சுழியம் இட்டுவிடலாம். கட்டங்களோடு வேறு இரண்டு இடங்களும் உண்டு. ஒன்றில் வகுக்கும் எண்ணையும், மற்றொன்றில் முடிவில் கூட்டவேண்டிய எண்ணையும் எழுதவேண்டும். அவற்றின் தேவை இனி விளங்கும்.

எளிய வடிகட்டியிலிருந்து தொடங்குவோம். ஒன்பது கட்டங்களிலும் 1 என்று எழுதி, வகுக்கும் எண்ணாக 9 கொடுங்கள். இது சராசரி காண்பது. எங்கும் 100 ஆக இருக்கும் ஒரு பரப்பில், ஒரு புள்ளி மட்டும் 190 என்று பளிச்சிடுகிறது என்க. எட்டு நூறும் ஒரு நூற்றுத் தொண்ணூறும் சேர்ந்து 990. அதை 9ஆல் வகுத்தால் 110. பளிச்சென்றிருந்த புள்ளி அடங்கிவிட்டது. ஆனால் அது மறைந்துவிடவில்லை. அதைச் சுற்றியிருக்கும் எட்டுப் புள்ளிகளுக்கும் கணக்கிடும்போது, அந்த 190 அவற்றின் அயலாக நின்று அவற்றையும் 110 ஆக்கிவிடும். கூர்மையாக இருந்த ஒரு புள்ளி ஒன்பது புள்ளிகளாகக் கசிந்து பரவுகிறது. ஆகவே இதனை மழுக்கும் வடிகட்டி எனலாம்.

வகுக்கவில்லையானால் என்ன ஆகும்? விடை 990 ஆகும். 255க்கு மேல் எண் இல்லாமையால் எல்லாம் வெள்ளையாகிவிடும். ஆகவே, கட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டி, அந்தத் தொகையால் வகுக்க வேண்டும் என்பது முதல் விதி. அப்போதுதான் படத்தின் பொது வெளிச்சம் கூடாமலும் குறையாமலும் இருக்கும்.

இனி, கூர்மையாக்கும் வடிகட்டி. நடுக்கட்டத்தில் 5 எழுதுங்கள். அதன் மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள நான்கு கட்டங்களில் கழித்தல் 1 எழுதுங்கள். நான்கு மூலைகளிலும் சுழியம். கூட்டிப் பார்த்தால் ஐந்திலிருந்து நான்கு போக ஒன்று. ஆதலால் வகுக்க வேண்டுவதில்லை. இதன் பொருள் யாது? ஒவ்வொரு புள்ளியும் தன்னை ஐந்து மடங்கு உரக்கச் சொல்லிக்கொண்டு, அயலார் நால்வரையும் தன்னிலிருந்து கழித்துவிடுகிறது.

இடப்பக்கம் முழுவதும் 100, வலப்பக்கம் முழுவதும் 160 என்று இரண்டு பரப்புகள் சந்திக்கின்றன என்று கொள்வோம். எல்லையை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நூறு 500; அயலார் மூவர் 100, ஒருவர் 160, ஆக 460; கழித்தால் 40. எல்லையை ஒட்டி வலப்பக்கம் நிற்கும் புள்ளிக்கு, ஐந்து நூற்றறுபது 800; அயலார் மூவர் 160, ஒருவர் 100, ஆக 580; கழித்தால் 220. எல்லையிலிருந்து விலகி நிற்கும் புள்ளிகளோ பழைய 100 ஆகவும் 160 ஆகவுமே இருக்கும். ஆக, எல்லையில் 60 ஆக இருந்த வேறுபாடு 180 ஆகிவிட்டது. கண்ணுக்கு எல்லை வெட்டினாற்போல் தெரிகிறது.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த 40 என்னும் கருமை படத்தில் எங்கே இருந்தது? எங்கும் இல்லை. 220 என்னும் வெண்மை எங்கே இருந்தது? அதுவும் இல்லை. இரண்டும் கணக்கில் பிறந்தவை. இதனை நான் அன்றே எண்ணிப் பார்த்திருந்தால் பின்னால் வருந்தியிருக்க மாட்டேன்.

நடுவில் 5க்குப் பதிலாக 4 இட்டால் கூட்டுத்தொகை சுழியமாகிறது. வேறுபாடு இல்லாத பரப்பெல்லாம் சுழியமாகிக் கறுத்துப்போகும். எல்லைகள் மட்டும் எஞ்சும். நமது எடுத்துக்காட்டில் வலப்புறப் புள்ளி 60 ஆகும். இடப்புறப் புள்ளி கழித்தல் 60 ஆகும். சுழியத்துக்குக் குறைந்த எண்ணைப் படம் ஏற்காது. அதனால்தான் முடிவில் கூட்டவேண்டிய எண்ணுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே 128 என்று எழுதினால், வெறும் பரப்பு சாம்பலாகவும், எல்லையின் ஒருபுறம் 188 ஆகவும், மறுபுறம் 68 ஆகவும் தெரியும். இத்தகைய எல்லை காணும் கட்டங்களுள் 1968ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபல் என்பாரும் கேரி ஃபெல்ட்மன் என்பாரும் எடுத்துரைத்த கட்டம் புகழ்பெற்றது. இன்றும் சோபலின் பெயராலேயே வழங்குகிறது.

இதெல்லாம் கணிப்பொறி வந்தபின் மனிதர் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. நம் கண்ணே இவ்வாறு செய்கிறது. வெளிச்சம் மாறும் எல்லையில், இல்லாத கரும்பட்டையும் வெண்பட்டையும் கண்ணுக்குத் தோன்றுவதை எர்ன்ஸ்ட் மாக் என்னும் அறிஞர் 1865இல் விளக்கினார். கண்ணிலுள்ள ஒரு நரம்பணு விழிப்புற்றால் அது தன் அயலணுக்களை அடக்குகிறது என்பதைக் குதிரைலாட நண்டின் கண்ணில் ஆராய்ந்து காட்டியவர் ஹார்ட்லைன். 1967இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். நடுவில் கூட்டல், சுற்றிலும் கழித்தல் என்ற நமது கட்டம் இயற்கை முன்னமே எழுதி வைத்த கட்டமே ஆகும்.

இனி என் கதையைத் தொடர்கிறேன். பள்ளிக்கூடப் படத்தை ஸ்கேனரில் வைத்துக் கணிப்பொறிக்குள் ஏற்றினேன். கிம்பைத் திறந்து, சிலேட்டுப் பலகையின் மேல் கூர்மையாக்கும் கட்டத்தைப் போட்டேன். மங்கலாகக் கிடந்த சுண்ண எழுத்துகள் துலங்கி எழுந்தன. கடைசி இலக்கம் இரண்டு வளையங்களோடு தெரிந்தது. ஐயமின்றி எட்டு! என் திறமையில் எனக்கே பெருமிதம் உண்டாயிற்று. அன்னையாரை அழைத்து, "ஆண்டு 1958, அம்மா. அப்படியானால் இது மாமாவாக இருக்க முடியாது" என்றேன். "இது அண்ணன் இல்லையாப்பா?" என்று ஒரு முறை கேட்டார். நான் திரையைக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. படத்தை உறையில் இட்டு என்னிடமே தந்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு வாரங்கள் கழித்து வேறொரு படத்தை ஸ்கேனரில் வைத்தேன். அது கோயில் தேர்த் திருவிழாப் படம். மேலே வெற்று வானம். அந்த வானத்தில், இடையில் வளைந்த மெல்லிய வெண்கோடு ஒன்று தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. அக்கோட்டின் வளைவை நான் முன்பே பார்த்திருந்தேன். பழைய படத்தையும் திறந்து, விளிம்பிலிருந்து அளந்து பார்த்தேன். சரியாக அதே இடம்! ஸ்கேனரின் கண்ணாடியில் ஒரு பஞ்சிழை ஒட்டிக்கொண்டிருந்தது. சிலேட்டில் எழுதியிருந்த மூன்றின் இடப்புறத் திறப்புகளை அந்த இழை மூடி, அதனை எட்டாக்கிவிட்டது.

கூர்மையாக்கும் முன் அந்த இழை ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். 100 என்னும் பரப்பில், 130 என்னும் மெல்லிய நெடுங்கோடு ஒன்று கிடக்கிறது. வேறுபாடு 30 தான், எளிதில் தெரியாது. கூர்மையாக்கும் கட்டத்தைப் போட்டால், கோட்டின் மேலுள்ள புள்ளிக்கு ஐந்து நூற்றுமுப்பது 650, மேலும் கீழும் உள்ள அயலார் 130 வீதம், இடமும் வலமும் உள்ளவர் 100 வீதம், ஆக 460, கழித்தால் 190. கோட்டை ஒட்டிய புள்ளியோ 500இலிருந்து 430 போக 70 ஆகிறது. 30 ஆக இருந்த வேறுபாடு 120 ஆயிற்று! தூசிக்குச் சுண்ண எழுத்தின் வெண்மையை அளித்தவன் நான்தான். கட்டத்தில் எழுதிய எண்களுக்கு எது எழுத்து, எது தூசி என்று தெரியாது. வேறுபாடு எதுவோ அதைப் பெருக்கிக் காட்டுவதே அவற்றின் வேலை.

தூசியை நீக்க வேறொரு வடிகட்டி உண்டு. அது பெருக்கிக் கூட்டுவதில்லை. ஒன்பது எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணை எடுத்துக்கொள்கிறது. இதனை இடைநிலை வடிகட்டி எனலாம். நமது எண் கட்டத்தால் இதனை ஆக்க முடியாது. நம் எடுத்துக்காட்டில் ஆறு நூறுகளும் மூன்று நூற்றுமுப்பதுகளும் நின்றால் ஐந்தாவது நூறு. இழை முற்றும் மறைந்துவிடும். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் அது உண்மையான சுண்ணக்கோடாக இருந்து, அதே ஒல்லியாக இருந்திருந்தால், அதுவும் அவ்வாறே மறைந்திருக்கும். ஆகவே இங்கும் முடிவு செய்யவேண்டியவர் நாமே.

நான் செய்யவேண்டியிருந்தது மிக எளிய செயல். கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தேன். படத்தைத் திருப்பி வைத்து மீண்டும் ஏற்றினேன். அதே கட்டத்தைப் போட்டேன். கடைசி இலக்கம் மூன்று. ஆண்டு 1953.

இதே பாடத்தைப் பெரிய அளவில் உலகம் கற்றதுண்டு. 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்ணுக்கு ஏற்றப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் அகலமுள்ள பெரிய ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு மிகையாகத் தட்டையாகிவிட்டிருந்தது. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கான இப்பிழையால் விண்மீன்கள் கசிந்து தெரிந்தன. ஒளி எவ்வாறு கசிகிறது என்பது தெரிந்திருந்தமையால், அக்கசிவைக் கணக்கினாலேயே பின்னோக்கித் திருப்ப அறிஞர்கள் முயன்றனர். பிரகாசமான பொருள்களில் நல்ல பயனும் கண்டனர். ஆயினும் மங்கலான பொருள்களில் ஒளியோடு கலந்த இரைச்சலும் சேர்ந்து பெருகியது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று, பிழையை ஈடுசெய்யும் கருவிகளைப் பொருத்திய பின்னரே முழுத் தெளிவு கிடைத்தது. வந்து சேராத ஒளியைக் கணக்கு வரவழைக்காது.

இக்காலத்தில், கட்டத்து எண்களை மனிதர் எழுதாமல், ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துக் கணிப்பொறியே கற்றுக்கொள்ளும் முறையும் வளர்ந்திருக்கிறது. 1989இல் யான் லெகுன் என்பாரும் அவருடைய துணைவர்களும் கையால் எழுதிய அஞ்சற் குறியீட்டு எண்களை இம்முறையால் படிக்கச் செய்தனர். அம்முறையின் அடிப்படையும் நாம் மேலே கண்ட பெருக்கலும் கூட்டலுமே. எண்களை யார் எழுதினாலும், காட்டப்படும் படத்தில் பஞ்சிழை இருந்தால் அது பஞ்சிழையோடுதான் கணக்கிடும்.

ஆகவே, இக்கருவியைக் கையாள விரும்புவோருக்குச் சில சொற்கள். மூலப் படத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்த எண்களை, எந்த வரிசையில் போட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். வடிகட்டி காட்டும் ஒன்று, வடிகட்டாத படத்திலும் மங்கலாகவேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது படத்துக்கே உரியதா, கண்ணாடிக்கு உரியதா என்றும் பாருங்கள். இரண்டு முறை வேறுவேறாக ஏற்றி ஒப்பிட்டால் இது எளிதில் புலப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் தெரிவதைக் கொண்டு பிறர் நெஞ்சை வருத்தும் முடிவைச் சொல்லுமுன், ஒரு நாளாவது பொறுத்திருங்கள்.

அன்னையாரிடம் மறுபடியும் சென்றேன். நடந்ததைச் சொல்லி, என் பிழையைப் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். 1953 என்பதால் மட்டும் அச்சிறுவன் என் மாமாதான் என்று உறுதியாகிவிடாது. இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும் என்பதையும் ஒளிக்காமல் கூறினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணிப்பொறியில் பெரிதாக்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்தப் படம் இப்போது அவருடைய அறையில், கட்டிலுக்கு எதிரேயுள்ள சுவரில், எவ்வித வடிகட்டியும் படாமல், மங்கலாகவே தொங்குகிறது.